சீட்டில் இருந்த எழுத்து

சில மாதங்களுக்கு முன்பு, காமிக்ஸ் சேகரிப்பதில் என்னைவிடப் பல மடங்கு தீவிரமான நண்பர் ஒருவர் என் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். பழைய இதழ்களுக்கு நடுவிலிருந்து, அட்டையில் வெள்ளி நிற மார்க்கரால் ஓவியர் கையொப்பமிட்ட ஒன்றை வெளியே இழுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதற்குச் சாட்சி யாராவது உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தவறில்லை. 2000ஆம் ஆண்டில் இதழ்களைத் தரம்பிரிக்கத் தொடங்கிய சிஜிசி நிறுவனத்தின் கையொப்பத் திட்டம் அந்த ஒரு கேள்வியை அடிப்படையாகக் கொண்டதுதான். படைப்பாளி கையொப்பமிடும்போது நிறுவனத்தின் சார்பில் ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருந்தால், கையொப்பம் உண்மை என்று சொல்லும் மஞ்சள் சீட்டு இதழுக்குக் கிடைக்கும். பார்த்தவர் இல்லையென்றால், அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை, அது எத்தனை உண்மையான கையொப்பமாக இருந்தாலும், அட்டையில் யாரோ எழுதிவைத்த எழுத்து என்ற கணக்கில்தான் சேரும். நான்தான் சாட்சி என்றேன். நண்பர் சிரித்தார். நான் சொன்னது உண்மை. அன்று அந்த மேசைக்கு இடப்பக்கம் நின்று, அந்த இதழை உறையிலிருந்து உருவி ஓவியரின் கைக்கு முன்னால் வைத்தவனே நான்தான். ஆனால் அவருடைய கேள்வி, அவர் குறிவைக்காத வேறோர் இடத்தில் தைத்துவிட்டது. அன்று நான் பார்த்ததைவிடப் பார்க்கத் தவறியதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது 1990களின் தொடக்கத்தில். அந்தக் காலத்தில் காமிக்ஸ் வாங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1991இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஜிம் லீ வரைந்து வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளுடன் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. மறு ஆண்டு முன்னணி ஓவியர்கள் சிலர் மார்வெலை விட்டு வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சூப்பர்மேன் செத்துப்போனார்; கறுப்பு உறையில் இட்டு ஒட்டிய அந்த இதழுக்காகக் கடை வாசல்களில் வரிசை நின்றது. எழுத்தாளரின் பெயரைவிட ஓவியரின் பெயருக்குத்தான் அப்போது மவுசு அதிகம். அட்டையில் உள்ள பாத்திரத்தின் பெயருக்குச் சமமாக ஓவியரின் பெயரைச் சொல்லி இதழ் கேட்பவர்கள் தினமும் வருவார்கள்.

நான் சொல்லும் கடை மிகச் சிறியது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். நீளமான அட்டைப் பெட்டிகளில் பழைய இதழ்கள், சுவரையொட்டிப் புதிய இதழ்கள், கல்லாவுக்குப் பின்னால் மாதாமாதம் வாங்குபவர்களுக்கென்று எடுத்துவைத்த கட்டுகள். இவை போக மிஞ்சிய இடத்தில் முப்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் சனிக்கிழமைதோறும் அங்கே போய்ப் பெட்டிகளை அடுக்கிக் கொடுப்பேன். கூலிக்குப் பதிலாகப் பழைய இதழ்களை எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு, பெயர் உச்சத்தில் இருந்த ஓவியர் ஒருவர் கையொப்பமிட வருவதாக ஒப்புக்கொண்டபோது, கடைக்காரர் இரண்டு நாட்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று பயந்தாராம்.

அவர் இப்படியொரு நிகழ்ச்சிக்கு ஆசைப்பட்டதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. 1970களின் தொடக்கத்தில் ஃபில் சியூலிங் உருவாக்கிய நேரடி விற்பனை முறையில்தான் காமிக்ஸ் கடை என்ற ஒன்றே பிழைத்து வந்திருக்கிறது. அந்த முறையில் கடைக்குத் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியாது. இதழ் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஆர்வத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டால், மிஞ்சியவை மேசைக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் படுத்துக்கிடக்கும். எங்கள் கடையிலும் அந்த ஓவியரின் இதழ் ஒன்று அப்படிப் படுத்துக்கிடந்தது. அவரே நேரில் வந்து கையொப்பமிட்டால் பெட்டிகள் காலியாகும் என்பது கடைக்காரரின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

முப்பத்தாறு நொடிகள்

நிகழ்ச்சிக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. முதல் நாள் மாலைக்குள் நானூறு டோக்கன்கள் போய்விட்டன. கடைக்காரர் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, ஆளுக்கு முப்பத்தாறு நொடி என்றார். அதற்குள் ஒருவர் மேசைக்கு வந்து, வணக்கம் சொல்லி, இரண்டு இதழ்களில் கையொப்பம் வாங்கி, மனத்தில் எத்தனையோ நாட்களாக ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டு நகர வேண்டும். அந்த முப்பத்தாறு நொடிகளைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. அதற்காக நானே ஓர் அறிவிப்புப் பலகை எழுதினேன். பெரிய வெள்ளை அட்டையில் முதலில் கட்டம் போட்டு, அதற்குள் தடித்த மார்க்கரால், ஆளுக்கு இரண்டு இதழ்கள்தான் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு சொற்கள் கம்பீரமாக வந்தன. மூன்றாவது சொல்லுக்கு இடம் போதாமல் எழுத்துகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொண்டன. தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார்.

கையொப்பம் வாங்குவதை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பேனாவும் கையும் சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றும். உண்மையில் அது உறையும் ஒட்டுநாடாவும் சம்பந்தப்பட்டது. பிளாஸ்டிக் உறையின் மடிப்பை ஒட்டியிருக்கும் நாடாவை உரித்து மடக்கி விடாமல் இதழை உருவினால், நாடா அட்டையில் பிடித்துக்கொண்டு வண்ணத்தோடு உரிந்து வரும். அதைப் பார்த்த வாசகரின் முகத்தைப் பிறகு பார்க்க முடியாது. வெள்ளி மார்க்கரைக் குலுக்க வேண்டும், உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஆடுவது காதில் விழ வேண்டும், பிறகு நுனியை வேறொரு காகிதத்தில் அழுத்தி மை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நேரே அட்டையில் வைத்தால் முதல் எழுத்திலேயே சொட்டாக விழுந்துவிடும். வழவழப்பான அட்டையில் மை உடனே காயாது. கையொப்பமிட்ட இதழை ஆறேழு நொடிகளாவது கிடைமட்டமாகப் பிடித்திருக்க வேண்டும், அவசரப்பட்டு உறைக்குள் தள்ளினால் கையொப்பத்தில் பாதி உறையோடு போய்விடும். பால்பாயிண்ட் பேனாவை நாங்கள் மேசைக்கு அருகிலேயே விடவில்லை. அது எழுதுவதைவிடப் பள்ளம் பறிப்பதுதான் அதிகம். மூன்றாவது மணி நேரத்தில் என் கைகள் என்னைக் கேட்காமலேயே இவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தன. வரிசையில் வந்தவர்களின் முகம் எதுவும் என் நினைவில் இல்லை. இதழ்களின் ஓரங்கள்தான் நினைவில் இருக்கின்றன.

இன்னொரு சிறிய ஏற்பாடும் செய்திருந்தோம். பெயர் குறித்துக் கையொப்பம் வேண்டுபவர்கள், தங்கள் பெயரை ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் முன்கூட்டியே எழுதி இதழின் மேல் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த இரைச்சலில் ஓவியர் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி, தப்பாக எழுதி, வருந்திக்கொண்டிருக்க நேரமில்லை. வாசலில் ஒரு கட்டுச் சீட்டும் பேனாவும் வைத்திருந்தேன். வருகிற சீட்டை நான் ஓவியரின் கண்ணுக்குப் படும்படி அட்டையின் ஓரத்துக்கு நகர்த்தி ஒட்டுவேன், கையொப்பம் முடிந்ததும் உரித்துக் கசக்கிக் காலடியில் இருந்த பைக்குள் போடுவேன். சீட்டுகளைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. கிறுக்கலாக இருந்தால் திருத்தி எழுதச் சொல்வதும் என் வேலைதான்.

எழுத்தைப் படித்தவர்

மூன்று மணி நேரம் தாண்டியிருக்கும். வயதானவர் ஒருவர் மேசைக்கு வந்தார். கையில் ஒரே ஓர் இதழ், உறைகூட இல்லை. எனக்கு அதனால் நாலைந்து நொடி மிச்சம். மஞ்சள் சீட்டில் ஒரே ஒரு பெயர், குடும்பப் பெயர் இல்லாத முதற்பெயர் மட்டும், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கக்கூடிய பெயர். தெளிவாக இருந்தது, திருத்த வேண்டியதில்லை. அதை நகர்த்தி ஒட்டி ஓவியரின் முன்னால் வைத்தேன். அவர் மார்க்கரை அட்டைக்கு மேலே கொண்டுவந்தார், நிறுத்தினார். மை காய்ந்துவிட்டதோ என்று நினைத்து இன்னொரு மார்க்கரைக் குலுக்கி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை தூக்கி எதிரே நின்றவரைப் பார்த்து, கேள்வியாகவும் இல்லாமல் பதிலாகவும் இல்லாமல் ஒரு குடும்பப் பெயரை உச்சரித்தார். முதியவர் தலையசைத்தார். ஓவியர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து பெட்டிகளின் மேல் விழுந்தது.

அந்தத் தொடரின் முப்பத்து சொச்சம் இதழ்களுக்கு எழுத்து எழுதிய லெட்டரர், அதாவது பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுபவர், அவர். இருவரும் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்ததில்லை. அப்போதைய வேலை முறை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ஓவியர் பென்சிலில் வரைந்த பக்கங்கள் கூரியரில் பதிப்பகத்துக்கும் அங்கிருந்து லெட்டரருக்கும் போகும். அவர் தடித்த அட்டையின் மேல் கோடுகள் இழுத்து, வசனத்தை மையால் எழுதி, அதைச் சுற்றி பலூன் வரைந்து, கட்டங்களின் விளிம்புக் கோடுகளையும் போட்டு அனுப்புவார். அதன் பிறகுதான் இன்கர் அந்தப் பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டுவார். ஆக, பக்கத்தில் முதலில் மை படுவது எழுத்தில்தான். ஒவ்வொரு மாதமும் தான் வரைந்த பக்கங்கள் அச்சாகி வரும்போது அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் எழுத்துகளை ஓவியர் பார்த்துப் பழகியிருக்கிறார். முகம் தெரியாத ஒருவரோடு அவருக்கு இருந்த பழக்கம் முழுவதும் அந்த எழுத்துகளின் வழியாக வந்தது. அதனால்தான் வாசலில் வைத்திருந்த மலிவான பேனாவால், ஒட்டுச்சீட்டில், நின்றுகொண்டே எழுதிய ஒற்றைச் சொல்லில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஓவியர் அந்த எழுத்துகளைப் பார்த்த அளவுக்கு நானும் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால் அவரைவிட அதிகமாகவே பார்த்திருக்கிறேன். அந்தத் தொடரின் ஒவ்வோர் இதழையும் மூன்று நான்கு முறை படித்தவன் நான். 'ஆர்' என்ற எழுத்தின் கால் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கி வெளியே உதைத்துக்கொண்டு நிற்பதும், 'எஸ்' எப்போதும் முன்னால் குனிந்திருப்பதும், இன்றைக்குக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று அதே 'ஆர்', அதே 'எஸ்' என் உள்ளங்கை அகலச் சீட்டில், என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான் அதைப் படித்தேன். தெளிவாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு ஒட்டிவிட்டேன். அந்த மனிதர் வேறு யாருடைய சீட்டிலும் இல்லாத ஒன்றை என்னிடம் கொடுத்தார், நானோ நாலு நொடி மிச்சமானதில் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

தமிழில் நமக்குக் கையொப்பத்துக்கும் கையால் எழுதிய எழுத்துக்கும் ஒரே சொல் போதுமாக இருக்கிறது. கையெழுத்துப் போடு என்றால் ஒன்று, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றால் வேறு. இந்த இரட்டைப் பொருள் அன்று என் மண்டையில் ஏறவில்லை. பின்னாளில் ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், கையெழுத்து வாங்க நானூறு பேர் கூடிய இடத்தில், அந்த இதழின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருந்த ஒரே மனிதர் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார் என்பது உறைத்தது. வரிசையில் நின்றபோது நானே அவரைச் சுவரோரமாக ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கக்கூடும். நினைவில்லை என்று எழுதுவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

நினைவில் இருப்பது அதற்குப் பிறகான ஒரு மணி நேரம். ஓவியர் அவரைப் போக விடவில்லை; மேசையின் வலப்பக்கம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வைத்தார். வரிசையில் இன்னும் நூறு பேர் இருந்தார்கள். முப்பத்தாறு நொடிக் கணக்கு மறுபடியும் ஓடத் தொடங்கியது. நான் இதழ்களை இடமிருந்து வைத்தேன், ஓவியர் கையொப்பமிட்டார், இதழ்கள் வலப்பக்கமாக, அந்த முதியவரின் முழங்கையை உரசிக்கொண்டு வெளியே போயின. இவரும் இந்த இதழில் வேலை செய்தவர்தான் என்று ஓவியர் ஆரம்பத்தில் ஓரிரு முறை உரக்கச் சொன்னார். ஓர் இளைஞன் மரியாதைக்காக நின்று, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டான். எழுதினேன் என்றார். கதை எழுதியவரா என்று அவன் கண்கள் விரிய, இல்லை, கதை எழுதியவர் எழுதியதை எழுதினேன் என்று அவர் விளக்கினார். அவன் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுக் கையொப்பம் காயும்வரை இதழை ஊதிக்கொண்டே போனான். மேசையின் கோடியில் ஓவியர் விற்பனைக்கு வைத்திருந்த மூலப் பக்கங்களின் கோப்பு கிடந்தது. அதைப் புரட்டிய ஒருவர், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பலூன்கள் மறைக்கின்றன, பலூன் குறைவாக உள்ள பக்கம் இருக்கிறதா என்று கேட்டார். மூலப் பக்கங்களைச் சேர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். பதிப்பகங்கள் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கிய பிறகு அவற்றைப் பென்சிலரும் இன்கரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் எழுதியவருக்குப் பொதுவாக அதில் பங்கு கிடையாது. பெட்டியின் மேல் அமர்ந்திருந்தவரின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. கோப்பை அந்தப் பக்கம் திருப்பி, பலூன் இல்லாத சண்டைப் பக்கம் ஒன்றை அவரே எடுத்துக் காட்டினார்.

நூறு பேரில் யாரும் அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. வாசகர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒவ்வோர் இதழையும் அவர் பக்கமாக நகர்த்தியது என் கைதான். முதல் பக்கத்தைத் திறந்து, பெயர்கள் அச்சாகியிருக்கும் இடத்தில் அவருடைய பெயரைக் காட்டி, இங்கேயும் ஒன்று போட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அது வழக்கமாகியிருக்கும். வரிசையின் பழக்கங்களை உருவாக்குவது மேசையருகில் நிற்பவன்தான். எனக்கு அது தோன்றியது. ஆளுக்கு இருபது நொடி கூடுதலாகும் என்பதும் தோன்றியது.

காசோலையின் பின்பக்கம்

இந்தத் தொழிலில் கையொப்பம் என்பது எப்போதும் வாசகருக்கு மட்டும் இடப்பட்டதில்லை. 1938 மார்ச் மாதத்தில், சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 412 டாலர் காசோலை ஒன்றின் பின்பக்கத்தில் கையொப்பமிட்டார்கள். அதில் 130 டாலர் சூப்பர்மேனுக்கு. இருவருடைய பெயர்களும் காசோலையில் பிழையாக எழுதப்பட்டிருந்தன. அதே காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தபோது 160,000 டாலருக்குப் போனது. பிற்காலத்தில் சில பதிப்பகங்கள் காசோலையின் பின்பக்கத்திலேயே உரிமை மாற்ற வாசகத்தை அச்சடித்து வைத்திருந்தன. பணம் வேண்டுமென்றால் அதன் கீழே கையொப்பமிட வேண்டும். ஒரு தலைமுறைக் காமிக்ஸ் படைப்பாளிகள் வாழ்நாளில் அதிகமாகக் கையொப்பமிட்ட காகிதம் அதுவாகத்தான் இருந்திருக்கும். பேட்மேனை உருவாக்குவதில் பில் ஃபிங்கருக்கு இருந்த பங்கு எல்லோருக்கும் தெரிந்த பிறகும், அவர் பெயர் முறைப்படி அச்சில் வந்தது 2015இல், அவர் இறந்து நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு.

லெட்டரர்களின் நிலைமையை இதோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அவர்கள் பெயர் மறைக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாதபடி, மார்வெல் இதழ்கள் 1960களிலேயே ஆர்ட்டி சிமெக், சாம் ரோசன் போன்றவர்களின் பெயர்களை முதல் பக்கத்தில் அச்சிட்டன. காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகளில் 1993 முதல் லெட்டரருக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது; டாட் கிளைன் அதைத் திரும்பத் திரும்ப வாங்கினார். சாண்ட்மேன் தொடரில் கனவுகளின் அரசன் பேசும்போது கறுப்பு பலூனில் வெள்ளை எழுத்தாக வருமே, அது அவர் கைவேலை. கிளேர்மான்ட்டின் நீண்ட நீண்ட வசனங்களைப் பல ஆண்டுகள் தாங்கிப்பிடித்தவை டாம் ஓர்ஸெகோவ்ஸ்கியின் உருண்டையான சிறிய எழுத்துகள். பெயர் அச்சில் இருந்தது, விருதும் இருந்தது, எழுத்தோ பக்கம் முழுவதும் இருந்தது. இருந்தும் நாங்கள் பார்க்கவில்லை. எழுத்து நன்றாக இருந்தால் அதை ஊடுருவிக்கொண்டு கண் வசனத்துக்குப் போய்விடும் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதை எனக்கே ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓவியரின் கண்ணும் கண்தானே.

கட்டத்தை முதலில் போட்டது

நிகழ்ச்சி முடிந்து கடைக்காரர் பெட்டிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். ஓவியர் அந்த மஞ்சள் சீட்டைக் கசங்காமல் எடுத்துத் தன் வரைபடக் குறிப்பேட்டின் உள் அட்டையில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். என் கைக்கு அது அகப்படாமல் போனது நல்லதாயிற்று. அகப்பட்டிருந்தால் அதுவும் பைக்குள் போயிருக்கும். முதியவர் வாசலில் நின்று என் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் கூச்சத்தோடு. "கட்டத்தை முதலில் போட்டுவிட்டீர்கள்" என்றார்.

அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பி, மேசைமேல் கிடந்த என் மார்க்கரையே வாங்கி, முழங்கையைத் தூக்கி, தோளிலிருந்து இழுப்பதுபோல் எழுதத் தொடங்கினார். முதலில் எழுத்து, கடைசியில்தான் கட்டம். பலூனும் அப்படித்தான் என்றார். எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் கட்டம் எப்போதும் போதும். பிறகு 'எல்' (L) பக்கத்தில் வரும் 'டி'யைக் (T) காட்டினார். அளவுகோல் வைத்து எல்லா எழுத்துகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி விட்டால் அந்த இடத்தில் மட்டும் பல்லு விழுந்ததுபோல் தெரியும். இடைவெளியை அளக்கக் கூடாது, நடுவில் நீர் ஊற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக என் பக்கத்தைத் திருப்பி, நான் எழுதியிருந்த 'ஐ' எழுத்துகளின் மேலும் கீழும் இருந்த குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினார். சொல்லுக்கு நடுவில் அந்த எழுத்து வந்தால் வெறும் கோடு போதும். கட்டை போடுவது, ஒருவர் தன்னைக் குறித்து 'நான்' என்று சொல்லும் இடத்தில் மட்டும். என் பலகையில் ஆறு இடங்களில் 'நான்' இருந்தது.

அவர் எழுதிய பக்கம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆளுக்கு இரண்டு இதழ்கள் என்ற அதே சலித்துப்போன வாசகம்தான், ஆனால் படித்தால் யாரோ பேசுவதுபோல் இருந்தது. அந்த அட்டையை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைக் கூட்டியபோது காலிப் பெட்டிகளோடு அதையும் மடித்துக் குப்பையில் போட்டேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, அறிவிப்பு எதற்கு?

கையால் எழுதும் அந்த வேலை அதன் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை. 1992இல் ரிச்சர்ட் ஸ்டார்கிங்ஸ் தொடங்கிய காமிக்ராஃப்ட் போன்ற நிறுவனங்கள் எழுத்துருக்களைக் கணினியில் கோத்துத் தரத் தொடங்கின. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரும்பாலான இதழ்கள் அப்பக்கம் போய்விட்டன. இன்று ஓவியர்கள் விற்கும் மூலப் பக்கங்களில் பெரும்பாலும் பலூன்களே இருப்பதில்லை. அன்று கோப்பைப் புரட்டியவர் இப்போது மகிழ்ச்சியாக இருப்பார். கணினியில் செய்வதை நான் மட்டமாகச் சொல்லவில்லை, அதிலும் தேர்ந்த கைகள் உண்டு. ஆனால் எழுத்தின் பின்னால் ஒரு தோள் இருக்கிறது என்ற உணர்வு அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்குப் பழைய இதழ்களில்தான் கிடைக்கிறது. இப்போதெல்லாம் அவற்றை எடுத்தால் படத்துக்குப் போகும் முன்பே 'ஆர்' எழுத்தின் காலைத் தேடுகிறேன். கொஞ்சம் மிகையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது.

நண்பர் விடுவதாக இல்லை. சாட்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதழைத் தரம் பார்க்க அனுப்பிவிடலாம், கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்துவிடுவார்கள், அட்டை பத்திரமாக இருக்கும் என்றார். மூடிவிட்டால் பிரித்துப் படிக்க முடியாதே என்றேன். இத்தனை வருடமாகியும் இதையெல்லாம் யாராவது படிப்பார்களா என்றார். பிறகு ஏதோ சந்தேகம் வந்ததுபோல, உள்ளேயும் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, இருபத்திரண்டு பக்கங்களிலும் இருக்கிறது என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு, இதழைக் கவனமாக உறையிலிருந்து உருவி, நாற்காலியை விளக்குக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக, ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு தேடத் தொடங்கினார்.